இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்க்கிறோம், பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 6. வேலை மாற்றலாகி நான்கு மாதத்தில் வேறு நாட்டுக்குப் போகிறீர்கள், அங்கே இருவருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல். மகன் நன்றாக மார்க் வாங்குபவன், ஆனால் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நெளிவான். மகளுக்கு ஆங்கிலம் கிட்டத்தட்ட இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ், மேத்ஸ் கோச்சிங் இரண்டிலும் சேர்த்துவிடலாமா, இன்று முதல் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். கோச்சிங் விஷயத்தில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, ஆனால் அதோடு தயாரிப்பு முடிந்தது என்று இருந்துவிட்டால் நான்கு மாதமும் வீண்தான். இந்த மாதிரிப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் துணை வகுப்பு எடுப்பது பல வருடமாக என் வேலை. திணறிய பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன், பாடம் தெரியாமல் திணறியவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். 'எனக்குத் தெரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்று வாயைத் திறக்க முடியாமல் திணறியவர்களே அதிகம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு இதுவரை சந்தர்ப்பமே வந்திருக்காது.

முதலில் பள்ளியைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லை எந்தப் பள்ளி வேண்டுமானாலும் பெயரில் ஒட்டிக்கொள்கிறது, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. உள்ளே ஓடுவது எந்தப் பாடத்திட்டம் என்று கேளுங்கள். ஐபி (இன்டர்நேஷனல் பக்கலாரியட்) என்ற பாடத்திட்டம் 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியது. அதில் 3 முதல் 12 வயது வரை பிஒய்பி என்ற தொடக்கநிலைத் திட்டம், 11 முதல் 16 வரை எம்ஒய்பி என்ற நடுநிலைத் திட்டம், 16 முதல் 19 வரை டிப்ளமா என்ற மேல்நிலைப் படிப்பு, அதே வயதுக்குத் தொழில் சார்ந்த இன்னொரு திட்டம் என நான்கு உண்டு, ஒவ்வொன்றுக்கும் பள்ளி தனித்தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். ஆகவே 'நாங்கள் ஐபி ஸ்கூல்' என்று சொன்னால் எந்தத் திட்டத்துக்கு என்று கேட்பதில் தப்பில்லை. 'கேண்டிடேட்' என்று போட்டிருந்தால் அங்கீகாரம் இன்னும் வரவில்லை, முயற்சியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பள்ளியின் பெயரைப் போட்டு ஐபியின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி என்றால் உங்கள் மகன் லோயர் செகண்டரி என்ற நடுநிலை வகுப்புகளில் சேர்ந்து, 14 வயது வாக்கில், நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற ஐஜிசிஎஸ்இ-க்குப் போவான். ஐஜிசிஎஸ்இ-யும் ஐபி டிப்ளமாவும் பொதுவாக இரண்டு வருடப் படிப்புகள், நடுவில் போய்ச் சேர்வது மகா சிரமம், பல பள்ளிகள் எடுத்துக்கொள்வதும் இல்லை. 12 வயதில் போவது அந்த வகையில் நல்ல நேரம், மூச்சு விட அவகாசம் இருக்கிறது.

இன்னொன்று வகுப்பு எண். பிரிட்டிஷ் முறையில் 'இயர் 7' என்பதும் அமெரிக்க முறையில் 'கிரேடு 6' என்பதும் ஒரே வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. இது தெரியாமல், பிரிட்டிஷ் பள்ளியில் இயர் 7 முடித்த மகனைக் கிரேடு 7-இல் போட்டதற்கு, 'படித்த வகுப்பையே திரும்பப் படிக்க வைக்கிறீர்களா' என்று ஒரு அப்பா அலுவலகத்தில் சண்டைக்கே வந்துவிட்டார். வயதுக் கணக்குக்கு எந்தத் தேதியை வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பள்ளிக்குப் பள்ளி மாறும்.

அட்மிஷன் டெஸ்ட் பற்றி நிறைய பேர் பயப்படுகிறார்கள். உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் கணினியில்தான் இருக்கும். பரவலாக வைப்பது இரண்டு, மேப் க்ரோத் ஒன்று, கேட் 4 இன்னொன்று. கேட் 4-இல் பாடப் புத்தகக் கேள்வியே வராது, சொல், எண், வடிவம், இடவுணர்வு என நான்கு வகையில் யோசிக்கும் திறனைப் பார்ப்பார்கள், சராசரி மதிப்பெண் 100 என்று வைத்திருப்பார்கள். மாதிரிக் கேள்வி நான்கைந்து காட்டி, கேள்வியின் அமைப்பு பழகிவிட்டால் போதும், அதற்குமேல் உருப்போட அதில் எதுவும் இல்லை. மேப் வேறு விதம். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பாகச் சொன்னால் எளிதாகும், அதனால் எந்தப் பிள்ளை எழுதினாலும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தப்பாகத்தான் போகும், டெஸ்டை வடிவமைத்ததே அப்படி. இதை உங்கள் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 95-க்குக் குறையாமல் வாங்கிப் பழகிய பிள்ளை, பத்தாவது கேள்வியிலிருந்து ஒவ்வொன்றும் தெரியாததாகவே வந்தால் முகம் வெளிறிப்போய்ப் பாதியில் எழுந்துவிடுகிறது, அப்படி இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இருவரும்.

மகளுக்கு டெஸ்ட் என்று பெரிதாக இருக்காது. விளையாட விட்டுக் கவனிப்பார்கள். அம்மாவை விட்டு அரை மணி நேரம் இருக்கிறாளா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறாளா, 'அந்தப் பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு வா' என்று சைகையோடு சொன்னால் செய்கிறாளா, இவ்வளவுதான். பெயர், வயது, நிறங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் குழந்தைகளை ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி ஆங்கிலம். இங்கேதான் பெற்றோர்கள் அதிகமாகத் தப்பு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் வேறு, வரலாற்றுக் கட்டுரை எழுதும் ஆங்கிலம் வேறு. ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். பேச்சு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் சரளமாகிவிடும், பாடத்துக்கான மொழி சக மாணவர்கள் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பது அவர் சொன்ன கணக்கு. நான் வகுப்பில் பார்ப்பதும் அதுதான். இதில் இரண்டு விதமாக ஏமாறலாம். ஆறு மாதத்தில் பேசவில்லையே என்று கவலைப்படுவது ஒன்று. ஒன்றரை வருடத்தில் மடமடவென்று பேசுகிறான், இனி துணை வகுப்பு எதற்கு என்று நிறுத்தச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்து. பேச்சைக் கேட்டு ஆசிரியரும் ஏமாறுவார், அப்புறம் எட்டாம் வகுப்பில் அறிவியல் ரிப்போர்ட் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் 'சோம்பேறி' என்பார்கள்.

நான்கு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் இந்தக் கணக்கில் எந்த மூலைக்கு? கூச்சம் கொஞ்சம் தெளியும், அந்த அளவில் நல்லது. ஆனால் வீட்டு மொழியை நிறுத்துவது மொத்தத்துக்கும் நஷ்டம். ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். அறிவியல் வகுப்பில் ஆசிரியர் 'எவாப்பரேஷன்' (ஆவியாதல்) என்று ஆங்கிலத்தில் எழுதிப்போட்டார், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொடியில் காயும் துணியைப் படம் வரைந்து காட்டினேன். 'காற்றடித்தால் சீக்கிரம் காயும், வெயில் இருந்தால் இன்னும் சீக்கிரம், மடித்துப் போட்டால் காயாது' என்று சைகையும் நாலைந்து சொல்லுமாகச் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டான். காற்று, வெப்பம், பரப்பு என்று பாடமே அவன் தலைக்குள் இருந்தது, வீட்டில் யாரோ அவனுடைய மொழியில் பேசிப் பேசி அது உள்ளே போயிருக்கிறது. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆங்கிலச் சொல். அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை, வீட்டில் தாய்மொழிக்குத் தடை, பெற்றோர் தங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் 'கம், ஈட், கோ, ஸ்லீப்' என்றே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். துணி ஏன் காய்கிறது என்று அவளால் எந்த மொழியிலும் சொல்ல முடியவில்லை. யோசிக்க ஒரு மொழி முழுதாக இருந்தால்தான் இரண்டாவது மொழி அதன்மேல் ஏறும்.

ஆக வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள், கதை படித்துக் காட்டுங்கள். போகிற நாட்டில் தமிழ்ப் புத்தகம் கிடைக்குமோ கிடைக்காதோ, ஒரு பெட்டி கூடவே போகட்டும். மகன் பிற்பாடு ஐபி டிப்ளமா எடுத்தால், பள்ளி அவனுடைய தாய்மொழியைக் கற்பிக்காவிட்டாலும் அந்த மொழி இலக்கியத்தைத் தானே படித்துத் தேர்வெழுத ஒரு வழி வைத்திருக்கிறார்கள், இரண்டு மொழியிலும் இலக்கிய அளவில் தேறினால் இருமொழி டிப்ளமாவே கிடைக்கும். அதற்கு இப்போதிருந்தே தமிழ் வாசிப்பு விட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

மகள் போன புதிதில் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம், வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட. மொழி கற்றலில் இதை மௌன காலம் என்பார்கள், கேட்டுச் சேகரித்துக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு மாதம் ஒரு சொல் பேசவில்லை, நாங்களே சற்றுக் கவலைப்பட்டோம். அவள் அம்மா ஒரு வீடியோ காட்டினார். வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, வகுப்பு ஆசிரியையின் குரல், கண்ணாடியைத் தூக்கிவிடும் பழக்கம் உட்பட அச்சு அசலாக, ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டிருக்கிறாள்! அந்த ஆசிரியையிடம் வீடியோவைக் காட்டலாமா வேண்டாமா என்று நாங்கள் வெகுநேரம் யோசித்தோம்.

மகளுக்கு இப்போதே கற்றுக்கொடுக்க வேண்டிய ஆங்கிலம் நாலே நாலு வாக்கியம். டாய்லெட் போக வேண்டும், உடம்பு சரியில்லை, உதவி வேண்டும், எனக்கு இது பிடிக்கவில்லை நிறுத்து. கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் ரொம்ப முக்கியம். அப்புறம் அவளுடைய பெயர். புது ஊரில் அதை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்புவார்கள். 'அப்படி இல்லை, இப்படிச் சொல்லுங்கள்' என்று திருத்தலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது என்று இருவருக்கும் சொல்லிவையுங்கள். அவர்களுக்கு வாயில் நுழையாது என்று நீங்களாகவே பெயரைச் சுருக்கிப் பாரத்தில் எழுதிக்கொடுக்காதீர்கள், அவளுக்கே ஆசையாக இருந்தால் சரி.

ஆங்கிலத்தைவிட அவளை அதிகம் அலைக்கழிக்கப்போவது கைவேலை. சாப்பாட்டு டப்பா மூடி, ஷூ, ஜிப், டாய்லெட்டில் தானே கழுவிக்கொள்வது அல்லது பேப்பரால் துடைத்துக்கொள்வது, நீச்சல் முடிந்து ஈரத் துணியை மாற்றிப் பைக்குள் வைப்பது. ஊட்டிவிட்டு வளர்த்த பிள்ளைக்கு இருபது நிமிடத்தில் தானே சாப்பிட்டு முடிப்பது தேர்வைவிடக் கஷ்டம். ஒரு காரியம் செய்யுங்கள், இந்த வாரமே அவள் கொண்டுபோகப்போகும் அதே டப்பாவை வாங்கி, தினமும் ஒரு வேளை அதில் போட்டு, நீங்கள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, கடிகாரத்தை வைத்து அவளைச் சாப்பிட விடுங்கள். பாதி மிச்சம் வைப்பாள், பரவாயில்லை. அழகான டப்பா என்று மூடி இறுக்கமானதை மட்டும் வாங்கித் தொலைக்காதீர்கள்.

மகன் விஷயம் வேறு. அவன் எதிர்கொள்ளப்போகும் முதல் அதிர்ச்சி, ஆசிரியர் பதில் சொல்லாமல் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று திருப்பிக் கேட்பது. அது சோதனை இல்லை, உண்மையாகவே கேட்கிறார் என்று புரியவே அவனுக்கு ஒரு மாதம் ஆகும். இதற்கு வீட்டில்தான் பழக்க முடியும். சாப்பிடும்போது எதைப் பற்றியாவது அவன் கருத்தைக் கேளுங்கள், 'ஏன்?' என்று கேளுங்கள், அதற்கும் ஒரு 'ஏன்?' போடுங்கள். நீங்கள் சொன்னதை அவன் மறுத்தால் காரணம் சொல்லச் சொல்லி முழுதாகக் கேளுங்கள். (எதிர்த்துப் பேசாதே என்று பத்து வருடம் வளர்த்துவிட்டு இப்போது எதிர்த்துப் பேசு என்றால் நமக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும், தெரிகிறது. ஆனால் தயாராக வேண்டியவர்களில் நாமும் உண்டே.) கணக்கில் அவன் முன்னாலேயே இருப்பான், கோச்சிங் தேவையே இருக்காது, ஆனால் விடையை மட்டும் எழுதினால் 'எப்படிக் கண்டுபிடித்தாய், எழுது' என்று தாளைத் திருப்பிக் கொடுப்பார்கள். மனக்கணக்காகப் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னால் அங்கே எடுபடாது. கோச்சிங்குக்குப் போகும் நேரத்தில் தினம் ஒரே ஒரு கணக்கைப் போட்டு, செய்த வழியைத் தங்கைக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது அதிர்ச்சி இன்னும் பெரிது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் நம் பக்கத்தில் முழு மார்க், அங்கே அது திருட்டு. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சின்ன வகுப்பில் எச்சரிக்கையோடு விடுவார்கள், டிப்ளமா அளவில் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே தராமல் விட்டுவிடலாம். நெட்டில் எடுத்தாலும், ஏஐ-யிடம் கேட்டு எழுதினாலும், எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன், எரிமலை பற்றி இரண்டு பக்கம் மனப்பாடமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தான். ஆசிரியர் 'இது யாருடைய வார்த்தைகள்?' என்று கேட்டார். அவன் 'என்னுடையதுதான், பார்க்காமல் எழுதினேன்' என்றான். அவன் சொன்னதில் பொய்யே இல்லை, அவனைப் பொறுத்தவரை மனப்பாடம் செய்தது அவனுடையதுதான். இந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு எளிய வழி இருக்கிறது. தினமும் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள், எந்த மொழியானாலும் சரி, மூடிவைத்துவிட்டு வாயால் உங்களிடம் சொல்லட்டும், பிறகு நாலு வரி எழுதட்டும், கீழே எந்தப் புத்தகம் என்று குறிக்கட்டும். கூடவே, ப்ராஜெக்ட்டை நீங்கள் செய்துகொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அட்டை கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததற்கே அங்கே மதிப்பு, ஆசிரியர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மார்க் பற்றி உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். எம்ஒய்பியில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 8, மொத்தம் 32, அதை 1 முதல் 7 வரையான தரமாக மாற்றுவார்கள். 32-க்கு 19 முதல் 23 வரை வாங்கினால் 5. முதல் ரிப்போர்ட்டில் 4-உம் 5-உமாக வந்தால், 'ஏழுக்கு ஐந்துதானா' என்று நூற்றுக்கு எழுபதாக்கி மனதுக்குள் பெருக்கிப் பார்க்காதீர்கள், அந்தக் கணக்கு பொருந்தாது. முதல் வருடத்தில் 5 என்பது நல்ல நிலை. வகுப்பில் எத்தனாவது ரேங்க் என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே கிடைக்காது.

எல்லோரும் புதுப் பள்ளியைப் பற்றியே பேசுவார்கள், பழைய பள்ளியை யாரும் யோசிப்பதில்லை. இடம் மாறும் பிள்ளைகளோடு பல காலம் பணியாற்றிய டேவிட் போலக் என்பவர், ஊர் விட்டுப் போகுமுன் ஒரு தெப்பம் கட்டிக்கொண்டு போகச் சொல்வார், அதற்கு நான்கு கட்டை. யாரோடாவது சண்டை இருந்தால் சமாதானமாவது, நன்றி சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வது, மனிதர்களிடமும் இடங்களிடமும் விடைபெறுவது, போகும் இடத்தைப் பற்றி நிஜமாக யோசிப்பது. கேட்க ஏதோ சடங்கு மாதிரி இருக்கும், ஆனால் நண்பனோடு மனஸ்தாபத்தோடு விமானம் ஏறிய பையன் அதை ஒரு வருடம் சுமந்துகொண்டு திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். 12 வயதில் அது சின்ன விஷயமே இல்லை.

போன பிறகும் இது தொடரும். 1924-இல் ஜெனீவாவில் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆரம்பித்ததே ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகத்தான். இன்றைக்கும் இந்தப் பள்ளிகளில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு நன்மை, புதுப்பிள்ளை வருவது அங்கே தினப்படி விஷயம், முதல் நாளே 'பட்டி' (buddy) என்று வகுப்புத் தோழன் ஒருவனைத் துணைக்குச் சேர்த்துவிடுவார்கள், யாரும் வேற்றுக்கிரகவாசியைப் பார்ப்பதுபோல் பார்க்கமாட்டார்கள். கெடுதலும் அதுவே, உயிர்த்தோழன் வருடக் கடைசியில் வேறு நாட்டுக்குப் போய்விடுவான். இது நடக்கும் என்று மகனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. கட்டணம் என்று அவர்கள் சொல்லும் தொகையில் பேருந்து, தேர்வுக் கட்டணம், லேப்டாப், சுற்றுலா எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நடுவே 'நம்மிடம் ஏன் அது இல்லை' என்ற கேள்வி வரும், பதிலை நீங்கள் இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கற்றலிலோ பேச்சிலோ ஏதாவது சிரமம் இருந்து பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள், இடம் கிடைக்காதோ என்று பயந்து மறைத்தால் உதவியும் கிடைக்காமல் போகும், தெரியவந்ததும் நம்பிக்கையும் போகும். முதல் சில வாரம் வீடு திரும்பியதும் 'என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?' என்று விசாரணை வேண்டாம், 'இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்?' என்று கேளுங்கள், அதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பள்ளியில் மௌனம், வீட்டில் கலகலப்பு என்றால் பயமில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் டேர்ம் முடியட்டும் என்று காத்திருக்காமல் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. கடைசி இரண்டு வருட ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசிப் பதிவு இரண்டையும் ஆங்கிலத்தில் கேட்பார்கள், கூடவே இப்போதைய வகுப்பு ஆசிரியரிடமிருந்து பரிந்துரைப் படிவம் கேட்பார்கள், அது பல பள்ளிகளில் உங்கள் கைக்கு வராமல் ஆசிரியரிடமிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும். ஆண்டு விடுமுறை விட்டுவிட்டால் ஆசிரியரையும் பிடிக்க முடியாது, பள்ளி முத்திரையும் கிடைக்காது. அதை மட்டும் இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.